ஊருக்குப் போனால் எரியும் விளக்கு

வண்டி 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வீடு பெங்களூரு அல்சூரில், அலுவலகம் ஒயிட்ஃபீல்டில். மாதம் ஒரு முறை அம்மாவைப் பார்க்கத் திருப்பத்தூர் போய் வருவோம். புகார் ஒன்றே ஒன்றுதான்: மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. பிக்கப் குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை, புகை கிடையாது. 2025 பிப்ரவரியில் முதல் முறை எரிந்தது. அக்டோபர் வரை ஐந்து முறை ஸ்கேனர் வைத்து அணைத்தோம். ஐந்து முறையும் திரும்ப வந்தது.

வந்த விதம்தான் வேடிக்கை. பெங்களூரில் இருக்கும்வரை மூன்று வாரம், நாலு வாரம் என்று விளக்கு சாதுவாகக் கிடக்கும். திருப்பத்தூர் போய்த் திரும்பி வரும்போது, பர்கூரிலோ கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியோ, டக்கென்று எரியும். "ஏங்க, உங்க அம்மா வீட்டுக்குப் போனாத்தான் இந்த வண்டிக்கு மூக்கு மேல கோபம் வருது. பானஸ்வாடிக்கு எங்க வீட்டுக்குப் போறப்ப ஒண்ணும் காணோமே" என்றாள் மனைவி. கேலிக்குச் சொன்னது. ஆனால் எட்டு மாதத்தில் பார்த்த மெக்கானிக்குகள் யாரும் கேட்காத கேள்வி அதற்குள்தான் இருந்தது.

ஸ்கேனரில் ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, அதாவது பழுதுக் குறியீடு: பி0420. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள். முதல் ஒர்க்ஷாப்பில் கோடைப் பார்த்தார்கள், விலைப்பட்டியலைப் பார்த்தார்கள், கன்வெர்ட்டர் மாற்ற நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு என்றார்கள். வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவில்லை. ஜே.சி. ரோட்டில் விசாரித்த இன்னொருவர் மலிவாக ஒரு மாற்றுப் பாகம் போடுவதாகவும், "பழச எங்ககிட்ட விட்டுடுங்க சார், அஞ்சாயிரம் கழிச்சுக்கறோம்" என்றும் சொன்னார். கெட்டுப்போனது என்று சொல்லப்படும் பொருளுக்கு ஐயாயிரமா என்று யோசித்தேன். கன்வெர்ட்டரின் தேன்கூட்டுப் பீங்கான் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். வேலை செய்யாவிட்டாலும் உலோகம் உலோகம்தானே.

மூன்றாமவர் சொன்னதுதான் ரொம்ப சுலபம். பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரை ஒரு அங்குலம் தூக்கி, நடுவில் ஒரு ஸ்பேசர் போட்டுவிட்டால் விளக்கு இனி எரியாதாம். உண்மைதான், எரியாது. வீட்டில் புகை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வைத்தியம் அது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் மட்டும் என்ன புத்திசாலியா? பின் சென்சார்தான் கெட்டிருக்கும் என்று நானே முடிவு செய்து, 3,200 ரூபாய்க்குப் புதிதாக வாங்கி மாட்டினேன். அடுத்த திருப்பத்தூர் பயணத்தில் விளக்கு எரிந்தது. கழற்றிய பழைய சென்சார் இன்னும் டாஷ்போர்டு டப்பாவில் கிடக்கிறது.

இந்த விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று தெரிந்தால்தான் மேலே சொல்லப் போவது பிடிபடும். எஞ்சினிலிருந்து வரும் புகையில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்துத்தான் கம்ப்யூட்டர் கலவையைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறது. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிஞ்சும்போது பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது விட்டுக்கொடுக்கும். அதனால் பின் சென்சார் 0.6, 0.7 என்று அலுங்காமல் நிற்க வேண்டும். பெங்களூரில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாலும், மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதல்லவா, அப்படி. குழாய் விட்டு விட்டுப் பீய்ச்சினால் தொட்டி ஓட்டை என்பது கம்ப்யூட்டரின் கணக்கு. தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு மூட்டு வழியாகக் காற்று புகுந்தாலும் குழாய் அப்படித்தான் பீய்ச்சும். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

வண்டியின் கம்ப்யூட்டரை மொபைலில் படிக்க முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு ஓபிடி அடாப்டர் பாதி விவரங்களைக் காட்டவில்லை. ஈஎல்எம் 327 என்று மேலே அச்சடித்துவிட்டு உள்ளே அரைகுறைச் சில்லு வைத்து விற்கிறார்கள். 1,100 கொடுத்து இன்னொன்று வாங்கினேன். சாவி போட்டு, எஞ்சின் ஓடாமல் பார்த்தபோது, மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் 91 கிலோபாஸ்கல் என்று காட்டியது. கையில் இருந்த அட்டவணையில் 101. அந்த சென்சாரும் போச்சு என்று ஒரு ராத்திரி கவலைப்பட்டேன். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே 91-தான் என்பது காலையில் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. 101 சென்னைக்கு.

அடுத்த பயம், எரிபொருள் திருத்தம். நீண்டகாலத் திருத்தம் +7 சதவீதம் காட்டியது. கம்ப்யூட்டர் தன் அடிப்படைக் கணக்கைவிட ஏழு சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்று அர்த்தம். முன் சென்சாருக்கு முன்னால் எங்காவது காற்று கசிந்தால் இப்படி ஏறும் என்பதால் மேனிஃபோல்டை ஒரு ஞாயிறு முழுக்க முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. காரணம் டேங்கில் இருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனையை 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் தொடங்கி வைத்தார்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது அதுதான். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவைப்படும்போது 2014-ஆம் வருடத்துக் கணக்கு ஏழெட்டு சதவீதம் பற்றாமல் போவது இயல்பு. ஆகவே இந்த +7 நோயில்லை. முன் சென்சார் வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. சந்தேகிக்க வேண்டியது அதற்குப் பின்னால்.

இனி அந்தத் திருப்பத்தூர் விஷயம். எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியது தமிழ்நாட்டு பங்க் பெட்ரோலை. போகும்போது எரியாது, அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது எரியும், வேறென்ன? ஜூலை மாதம் அந்த நம்பிக்கை உடைந்தது. அந்தச் சனிக்கிழமை ஆடுகோடியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். சூளகிரியில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். மறுபடி ஸ்டார்ட் செய்து இருபத்தைந்து நிமிடத்தில், கிருஷ்ணகிரி வரும் முன்பே விளக்கு எரிந்துவிட்டது. டேங்கில் இருந்தது முழுக்க கர்நாடகா பெட்ரோல்.

கோடு பதிவாகும் நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். மூன்று பயணங்களின் பதிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். வேகம் 78, 82, 76. எஞ்சின் சுழற்சி 2,300-இலிருந்து 2,500-க்குள். தண்ணீர் வெப்பம் 88 டிகிரியை ஒட்டி. எல்லாமே ஐந்தாவது கியரில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த நேரம்.

சட்டென்று விளங்கியது. கன்வெர்ட்டரைக் கம்ப்யூட்டர் எந்நேரமும் சோதித்துக்கொண்டிருப்பதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, நடுத்தர வேகத்தில் சில நிமிடம் சீராக ஓடினால்தான் அந்தப் பரீட்சையை நடத்தும். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகும் பாதையில் சீராக ஓடுவதாவது! இரண்டாவது கியருக்கும் பிரேக்குக்கும் நடுவே போகிறது வாழ்க்கை. பரீட்சையே நடக்காததால் தோல்வியும் இல்லை. ஓசூர் தாண்டி நெடுஞ்சாலை ஏறினால் பரீட்சை நடக்கும். முதல் தோல்விக்கு விளக்கு எரியாது. கம்ப்யூட்டர் மனதுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தோற்றால்தான் விளக்கு. போகும்போது முதல் தோல்வி, திரும்பும்போது இரண்டாவது. சூளகிரி டீக்கடையில் எஞ்சினை அணைத்தது ஒரே பயணத்தை இரண்டு ஓட்டமாக்கிவிட்டது. விளக்கு எரிந்த நேரம், பழுது வந்த நேரமல்ல. பரீட்சை நடந்த நேரம்.

ஒர்க்ஷாப்காரர்கள் அணைத்து அனுப்பியபோதெல்லாம் விளக்கு வாரக்கணக்கில் வராததும் இதனால்தான். கோடை அழித்தால் பரீட்சைகளின் பதிவும் சேர்ந்து அழியும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் அப்படியே. "சரி பண்ணிட்டோம் சார்" என்று அவர்கள் சொன்னது பொய்யென்றும் சொல்ல முடியாது. நகரத்துக்குள் அவர்களுக்கே தெரிய வழியில்லை.

சரிபார்க்க ஒரு காரியம் செய்தேன். கோடை அழித்துவிட்டு, அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஊருக்கு வெளியே போகும் நைஸ் ரோட்டில் ஓசூர் ரோடு முனையிலிருந்து மைசூர் ரோடு வரை 80-இல் ஓட்டினேன். இடையில் வந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை, வண்டியை எடுக்கவில்லை. முதல் ஞாயிறு, நிலுவையில் ஒரு கோடு. இரண்டாம் ஞாயிறு, கனகபுரா ரோடு தாண்டியதும் விளக்கு. அம்மாவும் தமிழ்நாட்டு பங்க்குகளும் குற்றத்திலிருந்து விடுதலை.

அப்புறம்தான் மர்ஃபி டவுனில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வேலூர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். நான் மொபைலில் வரைபடங்களைக் காட்டக் காட்டத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பின் சென்சார் 0.15-க்கும் 0.7-க்கும் இடையே குதிப்பதைப் பார்த்துவிட்டு, "இது கன்வெர்ட்டர் போனாலும் வரும், பைப்ல காத்து இழுத்தாலும் வரும். காலைல ஸ்டார்ட் பண்றப்ப டிக் டிக்னு ஒரு சத்தம் வருமா சார்?" என்றார்.

"வருதுண்ணே. டேப்பட்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல போயிடும்."

"டேப்பட்டு சூடானா இவ்வளவு சுத்தமா நிக்காது. சைலன்சர் வேலை எப்ப பார்த்தீங்க?"

சைலன்சர் வேலையே பார்த்ததில்லை என்றேன். வேறு என்ன வேலை நடந்தது என்றார். ஜனவரியில் கிளட்ச் மாற்றியதைச் சொன்னேன். அவர் சிரித்தார். இந்த வண்டியில் கியர் பாக்ஸை இறக்க முன் பைப்பைக் கழற்றியாக வேண்டுமாம். கிளட்ச் ஜனவரி, விளக்கு பிப்ரவரி. பில் என் பீரோவில்தான் இருந்தது. எட்டு மாதமாக நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடியில் படுப்பதற்கு முன், பக்கத்து பங்க்கில் இருந்த புகைப் பரிசோதனை மையத்துக்குக் கூட்டிப்போனார். சான்றிதழுக்கில்லை, அங்கே இருக்கும் இயந்திரத்தின் திரையைப் பார்க்க. என் வண்டி ஆகஸ்டில்தான் பாஸாகியிருந்தது. விளக்கு எரிந்தபடியே போய் பாஸானது; அவர்கள் பார்ப்பது சைலன்சர் முனையில் வரும் புகையை மட்டும்தான். பிஎஸ்4 என்ற புகை விதிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும்; 2,500 சுழற்சியில் லாம்டா, அதாவது தேவையான காற்றுக்கும் இருக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம், 0.97-க்கும் 1.03-க்கும் இடையில். எனக்கு எல்லாமே வரம்புக்குள். அண்ணன் விரல் வைத்துக் காட்டியது யாரும் கவனிக்காத கட்டத்தை: ஆக்சிஜன். ஐடிலில் 1.6 சதவீதம். 2,500-இல் 0.5, லாம்டா 1.02, மயிரிழையில் பாஸ். "கலவை சரியா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இந்த ஆக்சிஜன் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். வெளியிலிருந்துதான். ஐடிலில் புகையின் அளவு குறைவு என்பதால் அதே ஓட்டை வழியாக வரும் காற்று சதவீதத்தில் கூடுதலாகத் தெரிகிறது.

புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று நானும் கேட்டேன். சிலிண்டர்கள் புகையை ஒரே ஓட்டமாக விடுவதில்லை, துடிப்பு துடிப்பாகத் தள்ளுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் குழாயில் ஒரு கணம் அழுத்தம் வெளிக் காற்றைவிடக் கீழே இறங்கும். அந்தக் கணத்தில் ஓட்டை உறிஞ்சும்.

கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி சோப்புத் தண்ணீர். எஞ்சின் ஆறும்வரை மதியம் வரை காத்திருந்தோம். சைலன்சர் முனையில் துணி சுற்றிக் கம்ப்ரசர் குழாயைச் செருகி, அழுத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக் காற்று விட்டார். உதவிக்கு இருந்த தம்பி ஸ்பாஞ்சில் சோப்புத் தண்ணீர் நனைத்து ஒவ்வொரு மூட்டாகப் பிழிந்துகொண்டே வந்தான். பெல்லோஸ் என்ற நெளிகுழாய் சுத்தம். பின் சென்சார் மரை சுத்தம். கன்வெர்ட்டரின் கீழ் மூட்டான ஃபிளேஞ்சில், கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெப்பத் தகடு மறைத்தது. பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு குச்சிக் கண்ணாடியை மேல் பக்கம் நுழைத்தார். அங்கே நுரை பொங்கிக்கொண்டிருந்தது. நுரைக்குப் பக்கத்தில் மை பூசியது போலக் கரிக்கோடு. அந்த மூட்டுக்கு ஒரு சாண் கீழேதான் பின் சென்சார்.

கழற்றியதும் கதை முழுசாகத் தெரிந்தது. அந்த மூட்டு இறுக்கமான மூட்டு அல்ல. எஞ்சின் தன் மவுண்டுகளில் ஆடும்போது குழாயும் கொஞ்சம் அசைய வேண்டும் என்பதற்காக, உருண்டை கேஸ்கெட் வைத்து, இரண்டு ஸ்பிரிங் போல்டுகளால் பிடித்திருப்பார்கள். என் வண்டியில் ஒரு பக்கம் ஸ்பிரிங் போல்டு இருந்தது. மறுபக்கம் சாதாரண போல்டு ஒன்று, நீளத்தை ஈடுகட்ட இரண்டு வாஷர். கிளட்ச் வேலையில் ஒரு போல்டு உடைந்திருக்க வேண்டும், கையில் கிடைத்ததைப் போட்டு முறுக்கிவிட்டார்கள். கேஸ்கெட்டும் பழையதே. ஒரு பக்கம் அசையும், ஒரு பக்கம் அசையாது; எஞ்சின் சுமை ஏறிச் சாயும்போதெல்லாம் மேல்விளிம்பு வாயைத் திறக்கும்.

கன்வெர்ட்டரை அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். தேன்கூடு உடையவில்லை, உருகவில்லை, தட்டினால் கலகலக்கவில்லை. வெப்பமானியை முன்னும் பின்னும் காட்டி, பின்பக்கம் சூடு கூடினால் கன்வெர்ட்டர் நலம் என்று சொல்லும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கலவை சுத்தமாக இருக்கும் எஞ்சினில் எரிக்க மிச்சமே அதிகமில்லை; வித்தியாசம் சில டிகிரிதான் வரும், அதை வைத்து நாற்பதாயிரம் ரூபாயைத் தீர்மானிக்க முடியாது.

கேஸ்கெட் 340, ஸ்பிரிங் போல்டு இரண்டு செட் 260, கூலி 800. மொத்தம் 1,400 ரூபாய். துருப்பிடித்த ஒரு நட்டைக் கழற்றத்தான் நேரம் போனது. எண்ணெய் விட்டு, ஊற விட்டு, மறுபடி விட்டு, சாயங்காலமாகிவிட்டது.

ஸ்டார்ட் செய்தோம். டிக் டிக் இல்லை. ஸ்கேனரில் பின் சென்சார் 0.68-இல் போய் உட்கார்ந்தது. அடுத்த நாள் அதே பங்க்கில் ஐடில் ஆக்சிஜன் 0.2.

இதை வைத்து முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கு எரியாததை நம்பி ஐந்து முறை ஏமாந்திருக்கிறேன். அந்தப் பரீட்சையில் வண்டி எடுத்த மதிப்பெண்ணையே மோட் 06 என்ற பக்கத்தில் பார்க்கலாம்: அளந்தது எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்று. நைஸ் ரோட்டில் தோற்றபோது எடுத்து வைத்திருந்த படத்தில் வரம்பு 0.70, அளந்தது 0.78. கன்வெர்ட்டர் செத்திருந்தால் இன்னும் எங்கோ போயிருக்கும். இதை அப்போதே யோசித்திருக்கலாம். பழுது பார்த்த பிறகு பதினோரு நாள் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. ஒயிட்ஃபீல்டு ரோடு எனக்குப் பரீட்சை எழுத இடம் தரவில்லை. தீபாவளிக்குத் திருப்பத்தூர் போனபோது சூளகிரியில் அதே கடையில் டீ குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன்: 0.19. திரும்பி வரும்போது, அத்திப்பள்ளியில்: 0.21.

கிளட்ச் மாற்றிய ஒர்க்ஷாப்புக்கு அந்தச் சாதாரண போல்டை எடுத்துப்போய்க் காட்டினேன். அப்போது வேலை பார்த்த பையன் இப்போது இல்லை என்றார்கள். போல்டை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நீண்டகாலத் திருத்தம் இன்றைக்கும் +7-தான்.